போர்த்துகலையும் பாடத்தில் சேருங்கள்: இதழியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கும், தமிழில் இதழியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் உட்கார்ந்து பக்கம் முடித்தவன் நான். இப்போது ஒரு கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு நாள் இதழியல் வகுப்பு எடுக்கிறேன். நீங்கள் வகுத்துத் தந்த பாடத்திட்டத்தைத்தான் நடத்துகிறேன். அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. உங்களை நேரில் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு அமையாததால் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் பத்திரிகைச் சுதந்திரம் பாடம். இங்கிலாந்தில் முன்தணிக்கையை எதிர்த்து எழுதிய மில்டன், அமெரிக்காவில் ஆளுநரை விமர்சித்ததற்காக அச்சாளர் ஜெங்கர் மீது நடந்த வழக்கு, கல்கத்தாவில் இந்தியாவின் முதல் செய்தியிதழை நடத்திய ஹிக்கி என்று வழக்கமான வரிசையில் நடத்தி முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க வீட்ல ரெண்டு பேப்பர் வாங்குறோம். ஒரே கூட்டம், ஒரே நாள். ஒண்ணுல மக்கள் வெள்ளம்னு போட்டிருக்கான், இன்னொண்ணுல காலி நாற்காலின்னு போட்டிருக்கான். இந்தக் கட்சிப் பேப்பரையெல்லாம் கவர்மென்ட்டே மூடிட்டா நல்லதுதானே சார்?" வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நான் மில்டனை மறுபடியும் இழுத்து வந்து ஏதோ சொன்னேன். அது தனக்கான பதில் இல்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நம் பாடத்தில் எழுதுகிறவன் எப்போதும் நல்லவன், தடுக்கிறவன் எப்போதும் கெட்டவன். அவள் கையில் இருக்கும் பேப்பரோ நல்லதாக இல்லை. பத்திரிகை உண்மையிலேயே மோசமாக இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு மில்டனிடமும் ஜெங்கரிடமும் அவளுக்கு நேரான பதில் கிடைக்காது. போர்த்துகலில் கிடைக்கும். வேலை நிமித்தம் இரண்டு ஆண்டு லிஸ்பனில் இருந்தபோது அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து அந்நாட்டுப் பத்திரிகை வரலாற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

அது நமக்குத் தொடர்பில்லாத நாடும் அல்ல. ஆசியாவின் முதல் ஐரோப்பிய அச்சுக்கூடம் 1556இல் கோவாவில் இறங்கியது போர்த்துகீசியக் கப்பலிலிருந்துதான். இந்திய மண்ணில் தமிழ் எழுத்து முதன்முதலாக அச்சேறியது 1578இல் கொல்லத்தில். ஏசு சபைத் துறவி என்ரிக் என்ரிக்கஸ் பதிப்பித்த 'தம்பிரான் வணக்கம்' அந்நூல். நம் அச்செழுத்தின் பிறப்புக் கதை இருக்கும் அதே நாட்டில், அச்சுக்குப் பூட்டுப் போட்ட கதையும் இருக்கிறது. முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுத்து இரண்டாவதை விட்டுவிட்டோம்.

1640 டிசம்பர் 1ஆம் தேதி போர்த்துகல் ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்டு, நான்காம் ஜுவாங் அரசரானார். ஓராண்டு கழித்து, 1641 நவம்பரில், அந்நாட்டின் முதல் செய்தியிதழ் வெளிவந்தது. மாதம் ஒருமுறை சில பக்கங்கள். அரசவைச் செய்தி, எல்லைச் சண்டைச் செய்தி. புதிய அரசரின் பக்கம் நின்ற இதழ் அது. எதிரி தோற்ற செய்திக்குத்தான் அதில் இடம் அதிகம். அந்த நாட்டுப் பத்திரிகை பிறக்கும்போதே பக்கம் சார்ந்து பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை.

அது ஓராண்டைக்கூட நிம்மதியாகத் தாண்டவில்லை. 1642 ஆகஸ்ட் 19ஆம் தேதி ஓர் அரசாணை வந்தது. இத்தகைய செய்தியிதழ்களை அச்சிடக் கூடாது. காரணம், பலவற்றில் உண்மை குறைவு, எல்லாவற்றிலும் நடை மோசம் என்றது அந்த ஆணை. போர்த்துகலில் பத்திரிகைகளைப் பற்றி எழுத்தில் பதிவான மிகப் பழைய விமர்சனங்களில் இது ஒன்று. அதில் உண்மையும் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. வதந்தியை வெற்றிச் செய்தியாக்கும் வேலை எந்தப் போர்க்காலத்துக்கும் புதிதல்ல.

இந்த ஆணையை மாணவர்களிடம் கொடுத்து, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் இதழ் மறுபடி வந்தது. ஒரே ஒரு மாற்றம்: இனி வெளிநாட்டுச் செய்தி மட்டும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லிஸ்பன் துறைமுகத்தில் நடந்ததை லிஸ்பன்காரன் நாலு தெரு நடந்து போய் விசாரித்துக்கொள்வான். பாரிஸில் நடந்ததாக எழுதியிருப்பதை எப்படிச் சரிபார்ப்பான்? உண்மை குறைவு என்பதுதான் கவலை என்றால், வெளிநாட்டுச் செய்தியைத்தானே முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்? வாசகன் சோதித்துப் பார்க்கக்கூடிய செய்தியை நிறுத்திவிட்டு, சோதிக்கவே முடியாத செய்தியை விட்டுவைத்தார்கள். ஆணை எதற்காக வந்தது என்பதை அது சொன்ன காரணத்தைவிட, அது விட்டுவைத்தது தெளிவாகக் காட்டுகிறது.

அதன் பிறகு நீண்ட காலத்துக்கு அச்சேறும் எதுவும் மூன்று வாசல்களைத் தாண்டியாக வேண்டும்: சமய விசாரணை மன்றமான இன்குவிசிஷன், மறைமாவட்ட ஆயர், அரசரின் உயர் நீதிமன்றம். 1715இல் தொடங்கிய லிஸ்பன் கெஜட்டின் அடியில் "தேவையான எல்லா அனுமதிகளோடும்" என்ற வரி இருக்கும். எந்தக் கட்சியும் சாராத, யாரையும் ஏசாத, ஒழுங்கான இதழ். கட்சிப் பேப்பரை மூடிவிட்டால் நல்லதுதானே என்று கேட்ட என் மாணவிக்கு, மூடினால் என்ன மிஞ்சும் என்பதற்கு இந்த இதழின் ஒரு பத்தியைக் காட்ட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள் காலை. பூகம்பம், கடல் பொங்கல், நாள்கணக்கில் எரிந்த தீ. பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஐரோப்பாவின் பெருநகரங்களில் ஒன்று மண்மேடாகிக் கிடந்தது. நவம்பர் 6ஆம் தேதி கெஜட் வந்தது. நிலநடுக்கத்தாலும் தீயாலும் நகரின் பெரும்பகுதி பாழானதால் இம்மாதம் முதல் தேதி என்றும் நினைவில் நிற்கும், ஆனாலும் அரச கருவூலப் பெட்டகங்களும் தனியாரில் பெரும்பாலோருடைய பெட்டகங்களும் இடிபாட்டில் கிடைத்துவிட்டது நற்பேறு என்ற பொருளில் சில வரிகள். அவ்வளவுதான். இறந்தவர்களுக்கு அதில் இடமில்லை. பெட்டகங்களுக்கு இருந்தது. டெஸ்க்கில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பத்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அந்த ஊர் வாசகனுக்கு இதனால் ஒரு பயனும் கிடையாது.

அந்தக் கெஜட்டையும் அரசரின் முதன்மை அமைச்சர் பொம்பால் 1762இல் நிறுத்தினார். 1778இல்தான் மறுபடி வந்தது. 1768இல் மூன்று வாசலையும் ஒன்றாக்கி அரசே நடத்தும் தணிக்கை மன்றத்தை அவர் அமைத்ததையும் குறித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் போர்த்துகீசிய மொழியில் தடையில்லாமல் எழுத வேண்டும் என்றால் நாட்டை விட்டு ஓட வேண்டும். இப்போலிட்டு டா கோஸ்டா அப்படித்தான் ஓடினார். இன்குவிசிஷன் சிறையிலிருந்து 1805இல் தப்பி லண்டன் போய், 1808 ஜூன் முதல் 1822 டிசம்பர் வரை மாதந்தோறும் 'கொரெய்யு பிரசிலியென்சே' இதழை நடத்தினார். அதைத் தடை செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு அதற்குப் பதில் சொல்ல, அரசின் ஆதரவோடு லண்டனிலேயே இன்னோர் இதழை 1811இல் தொடங்க வைத்தார்கள். எழுத்துக்கு எழுத்தால் பதில் சொல்ல வேண்டிய நிலை அரசுக்கு வந்ததே, அதைத்தான் நான் அந்தக் காலத்தின் பெரிய வெற்றியாகக் கருதுகிறேன்.

1820 ஆகஸ்டில் போர்ட்டோ நகரில் புரட்சி வெடித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் முதல் பத்திரிகைச் சட்டம். எழுதுவதற்கு முன்பே தணிக்கை என்பது போய், எழுதியதில் குற்றம் இருந்தால் ஜூரி விசாரிக்கும் என்ற ஏற்பாடு வந்தது. 1822 அரசமைப்பின் 7ஆவது பிரிவு, எந்தப் போர்த்துகீசியரும் முன்தணிக்கை இன்றித் தம் கருத்தை வெளியிடலாம், தவறாகப் பயன்படுத்தினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும் என்றது. அடுத்த பிரிவிலேயே, சமயக் கோட்பாடும் ஒழுக்கமும் பற்றிய எழுத்துகள் மட்டும் ஆயர்களின் தணிக்கைக்கு உட்பட்டவை என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தார்கள். முழுதாக விட்டுக்கொடுக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் அந்தக் காற்று கோவா வரை வீசியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சு தடைசெய்யப்பட்டிருந்த கோவாவில், 1821 டிசம்பரில் முதல் செய்தியிதழ் வெளிவந்தது.

இனிதான் கடினமான பகுதி. சுதந்திரம் வந்ததும் லிஸ்பனில் இதழ்கள் புற்றீசல்போலக் கிளம்பின. எல்லாம் சண்டை இதழ்கள். அவற்றில் உச்சத்தில் நின்றவர் ஜோசே அகோஸ்டின்யு டி மசேடு என்ற பாதிரியார். முடியாட்சியின் தீவிர ஆதரவாளர். நாக்கில் நெருப்பு வைத்திருந்தவர். 1828இல் அவர் தொடங்கிய இதழின் பெயருக்குத் 'தோலுரித்த மிருகம்' என்று பொருள். மிருகம் என்றது, அரசமைப்பு ஆட்சி கேட்ட சுதந்திரவாதிகளை. அதே காலத்தில், அரியணையைக் கைப்பற்றிய மிகேலின் ஆட்சியில், சுதந்திரவாதிகளைச் சிறையில் அடைத்தார்கள், நாடு கடத்தினார்கள். 1829 மே 7 அன்று போர்ட்டோவின் சதுக்கத்தில் 10 பேரைத் தூக்கிலிட்டார்கள். மனிதர்களை மிருகம் என்று வாராவாரம் எழுதும் பேனாவுக்கும் தூக்குமரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று மாணவர்கள் கேட்கட்டும். கேட்கத்தான் வேண்டும். கட்சிப் பத்திரிகை ஆளைக் கொல்லுமா என்ற கேள்வியை மூடி மறைத்துவிட்டுச் சுதந்திரம் கற்பிக்க முடியாது.

ஆனால் மசேடுவைப் பற்றி இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் தணிக்கையாளராகவும் வேலை பார்த்தவர். அடுத்தவர் எழுதியதைத் திருத்தவும் நிறுத்தவும் அதிகாரம் பெற்றிருந்தவர்தான் நாட்டிலேயே மிக மூர்க்கமாக எழுதியவரும். அவருக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் எங்கே இருந்தார்கள்? சுதந்திரவாதியான கவிஞர் அல்மெய்டா கரெட் 1826இல் லிஸ்பனில் ஓர் இதழ் நடத்தினார். அதற்காக மறு ஆண்டு லிமொயெய்ரு சிறைக்குப் போனார். பிறகு லண்டனில் அகதியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மிகேல் ஆண்ட, தணிக்கை இருந்த அந்த ஆறு ஆண்டுகளில் கட்சிப் பத்திரிகை ஒழியவில்லை. ஒரு கட்சியின் பத்திரிகை மட்டும் மிஞ்சியது. என் மாணவிக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் பதில் இதுதான். எனக்கு அப்போது வாயில் வரவில்லை.

1834இல் மிகேலுக்கு எதிரான உள்நாட்டுப் போர் முடிந்து சுதந்திரவாதிகள் வென்றார்கள். வென்றவர்கள் இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் இதழ்களில் கிழித்துக்கொண்டார்கள். 1840களில் அதிகாரத்தின் உச்சத்துக்கு வந்தவர் கொஸ்டா கப்ரால். இளமையில் தீவிரக் கிளர்ச்சிப் பேச்சாளர், பதவியில் இரும்புக்கை. அவரை விடாமல் துரத்தியவர் இதழாளர் அந்தோனியு ரொட்ரிகேஸ் சம்பாயு. 1846 அக்டோபரில் நாட்டில் மறுபடி உள்நாட்டுச் சண்டை மூண்டபோது சம்பாயு தலைமறைவானார். டிசம்பரில், ஒளித்து வைத்த அச்சகத்திலிருந்து ஓர் இதழைக் கொண்டுவந்தார். பெயரே 'ஆவி'. இரண்டாம் மரியா அரசியையும் அவர் விட்டுவைக்கவில்லை. காவலர்கள் ஊரையே சலித்தும் அந்த அச்சகம் அகப்படவில்லை. நடுநிலை என்ற சொல்லையே அந்த இதழில் தேட முடியாது. அது முழுக்க முழுக்க ஒரு பக்கத்தின் ஆயுதம்.

கொஸ்டா கப்ரால் ஒரு குதிரை வண்டியைக் கைக்கூலியாக வாங்கினார் என்று இதழ்கள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், 1850 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஒரு பத்திரிகைச் சட்டம் வந்தது. கடும் அபராதம், கடும் தண்டனை, இதழ் நடத்தவே ஆயிரம் நிபந்தனை. மக்கள் அதற்கு வைத்த பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது: தக்கைச் சட்டம். தக்கை மரக்காடுகள் நிறைந்த நாடு அது. புட்டி வாயை அடைக்கிற தக்கை எல்லார் வீட்டிலும் கிடக்கும். சட்டம் என்ன செய்கிறது என்பதை ஒரே சொல்லில் எழுத்தறியாதவருக்கும் புரிய வைத்துவிட்டார்கள். தலைப்பு வைப்பது எப்படி என்று நாம் நடத்தும் வகுப்புக்குக்கூட இது உதவும்.

அந்தச் சட்டம் இன்னும் மசோதாவாக இருக்கும்போதே எழுத்தாளர்கள் சேர்ந்து ஓர் எதிர்ப்பறிக்கையில் கையெழுத்திட்டார்கள். முன்னணியில் இருந்த பெயர் அலெஷாண்ட்ரே எர்குலானு. வரலாற்றாசிரியர், சான்றில்லாமல் ஒரு வரி எழுதாதவர் என்று பெயரெடுத்தவர். வாய்க்கு வந்ததை எழுதும் பத்திரிகை நடையோடு அவருக்கு என்ன ஒட்டு? ஆனாலும் கையெழுத்திட்டார். இந்த இடத்தில் வகுப்பில் நின்று நிதானமாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்சிப் பத்திரிகை எவ்வளவு தரம் கெட்டது என்று அந்த நாட்டில் நன்றாகவே அறிந்திருந்த மனிதர்கள், அதை அடைக்க வந்த தக்கையை எதிர்த்தார்கள். மறு ஆண்டு கொஸ்டா கப்ரால் ஆட்சி கவிழ்ந்தது, சட்டமும் போனது. 1866 மே மாதம் வந்த சட்டம் இதழ் தொடங்கக் கட்ட வேண்டிய பிணைத்தொகையையும் எடுத்துவிட்டது. தலைமறைவாக எழுதிய சம்பாயு, அந்த அரசியின் மகன் லூயிஸ் ஆட்சியில், 1881இல் தலைமை அமைச்சராகவே ஆனார்.

கட்சிப் பத்திரிகைக்கு உண்மையான பதில் சட்டத்திலிருந்து வரவில்லை, தெருவிலிருந்து வந்தது. எடுவார்டு கொயெலியு அச்சுக்கோப்பவராக இருந்தவர். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் வேலை. பிறர் எழுதிய வசவுகளை நாள்தோறும் கையால் கோத்தவருக்கு அலுத்துப் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1864 டிசம்பர் 29ஆம் தேதி அவர் வெளியிட்ட 'டியாரியு டி நொட்டீசியாஸ்', அதாவது 'செய்தி நாளிதழ்', முதல் இதழிலேயே தெளிவாக அறிவித்தது: தலையங்கம் கிடையாது, அரசியல் விவாதம் கிடையாது, எல்லா வகுப்பாருக்கும் ஆர்வமூட்டும், எல்லாப் பைக்கும் கட்டுப்படியாகும், எல்லா அறிவுக்கும் விளங்கும். விலை 10 ரெய்ஸ், அன்றைக்கு மிக மலிவு. அதைத் தெருவில் கூவி விற்றவர்கள் சிறுவர்கள். அந்நாட்டில் அவர்களை அர்டினா என்பார்கள். லிஸ்பனின் சாவ் பெட்ரு டி அல்காந்தரா பூங்காவில் கொயெலியுவுக்கு 1904இல் வைத்த சிலை இருக்கிறது. மேலே அவர் மார்பளவுச் சிலை. கீழே ஒரு பையன், பேப்பர் கட்டோடு, வாய் திறந்து கூவுகிற தோரணையில். இதழாசிரியருக்கு வைத்த சிலையில் பேப்பர் போடுகிற பையனுக்கும் இடம் கொடுத்திருப்பதைப் பார்த்து அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். பக்கத்துத் தெருவுக்கு அந்த நாளிதழின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அதே தலைமுறையில் நாவலாசிரியர் எஸ்ஸா டி கெய்ரோஸ் இருந்தார். கட்சிப் பத்திரிகையை உள்ளே இருந்து பார்த்தவர். 1867இல், 21 வயதில், எவோராவில் எதிர்க்கட்சி இதழ் ஒன்றைக் கிட்டத்தட்டத் தன்னந்தனியாக எழுதி நடத்தினார். பின்னாளில் அவர் படைத்த பிராடிக் மென்டிஸ் என்ற பாத்திரம், இதழ் தொடங்கப் போகும் நண்பனைத் தடுத்து ஒரு கடிதம் எழுதுகிறது. பத்திரிகை மனிதர்களுக்கு மூன்று கேடுகளைப் பழக்குகிறது என்கிறது அது: அவசரத் தீர்ப்பு, தற்பெருமை, சகிப்பின்மை. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கடிதம். என் பத்தொன்பது ஆண்டுகளில் நான் செய்த பிழைகளை இந்த மூன்றிலேயே அடக்கிவிடலாம்.

அவருடைய 'ஓஸ் மாயாஸ்' நாவலில் வரும் ஒரு காட்சியை மட்டும் வகுப்பில் வாசித்துக் காட்டினாலும் போதும். ஒரு மாலை இதழின் அலுவலகம். தமாசு என்பவனை அவமானப்படுத்தும் ஒரு கடிதத்தை அச்சிடச் சொல்லி ஒருவன் வருகிறான். ஆசிரியர் நேவிஸ் முதலில் முடியவே முடியாது என்கிறார். தங்கள் கட்சிக்காரரான இன்னொரு தமாசு என்று அவர் நினைத்துக்கொண்டார். இல்லை, இது வேறு தமாசு என்று தெரிந்ததும் ஆள் மாறிவிடுகிறார்; கடிதம் அச்சுக்குப் போகிறது. கடிதத்தில் இருப்பது உண்மையா, அதை வெளியிடலாமா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எந்தத் தமாசு என்பது மட்டுமே கேள்வி. கட்சிப் பத்திரிகையை இதைவிடக் கூர்மையாக விமர்சித்த ஒரு பக்கத்தை நான் படித்ததில்லை.

இதை எழுதியவர் எந்த இடத்திலும் பத்திரிகைகளை மூடச் சொல்லவில்லை. மூடுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1871இல் அவரும் நண்பர்களும் லிஸ்பன் கசீனோவில் நடத்திய சொற்பொழிவுத் தொடரை ஜூன் 26ஆம் தேதி அரசு தடை செய்தது.

முடியாட்சியின் கடைசிக் காலச் சட்டங்களை வேகமாகத் தாண்டலாம்; 1907இல் தலைமை அமைச்சர் ஜுவாங் பிராங்கு கொண்டுவந்ததுதான் அவற்றில் மிகக் கடுமையானது. 1910 அக்டோபரில் குடியரசு வந்தது. அம்மாதமே சுதந்திரமான பத்திரிகைச் சட்டமும் வந்தது. மூன்று மாதம் முடிவதற்குள், 1911 ஜனவரியில், முடியாட்சி ஆதரவு இதழ்களின் அலுவலகங்களைக் கும்பல் அடித்து நொறுக்கியது. சட்டத்தில் சுதந்திரம் இருந்தால் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1926 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜூனில் தணிக்கை தொடங்கியது. 1933 ஏப்ரல் 11, சர்வாதிகாரி சலசாரின் அரசமைப்பு நடைமுறைக்கு வந்த அதே தேதியிட்டு, தணிக்கை ஆணையும் வந்தது. தணிக்கை எதற்கு? பொதுமக்கள் கருத்தை, உண்மைக்கும் நீதிக்கும் ஒழுக்கத்துக்கும் நல்ல நிர்வாகத்துக்கும் பொதுநலத்துக்கும் எதிராகத் திசைதிருப்பும் எல்லாவற்றிலிருந்தும் காப்பதற்கு என்றது ஆணை. பட்டியலில் முதல் சொல்லைப் பாருங்கள். 1642இல் சொன்ன அதே சொல். 291 ஆண்டு கழித்தும், வாயை அடைக்க வந்தவர்கள் உண்மையின் பெயரால்தான் வந்தார்கள். இந்த இரண்டு ஆணைகளையும் ஒரே தாளில் அருகருகே அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது இந்த மடலின் முக்கியமான கோரிக்கை.

அந்தத் தணிக்கை எப்படி வேலை செய்தது என்பது டெஸ்க்கில் இருந்தவனுக்கு வயிற்றைப் பிசையும். கோத்த செய்தியின் புரூஃபைத் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அது அனுமதி, வெட்டுகளோடு அனுமதி, நிறுத்திவைப்பு, முழு வெட்டு என்று ஏதாவதொரு முத்திரையோடு திரும்பும். வெட்டுவது நீலப் பென்சிலால். அந்தப் பென்சிலே ஆட்சியின் அடையாளமாகிவிட்டது. முதல் உலகப் போர்க்காலத் தணிக்கையில் வெட்டிய இடத்தை வெள்ளையாக விடுவார்கள். வாசகனுக்கு இங்கே ஏதோ போய்விட்டது என்றாவது தெரியும். சலசார் காலத்தில் வெள்ளை விடவும் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் கால் பக்கச் செய்தி போய்விட்டால், அந்த இடத்தை நிரப்பு, நிரப்பியது தெரியாமல் நிரப்பு. விளம்பரம் வராத நாளில் அரைப் பத்தி இடம் நிரப்பவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு நாட்டின் பத்திரிகையாளர்கள் எல்லாரும் செய்தார்கள்.

1967 நவம்பர் 25 இரவு லிஸ்பனைச் சுற்றிய தாழ்வான பகுதிகளில் பெருவெள்ளம். குடிசைகளோடு மக்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். இறந்தவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனபோது, எண்ணுவதை நிறுத்தச் சொன்னது தணிக்கை. பிண நாற்றம் பற்றி எழுதக் கூடாது, சவப்பெட்டிகளைப் பற்றி எழுதக் கூடாது என்று உத்தரவு போனது. 1755இன் அந்தப் பத்தி மறுபடி அச்சானதுபோல் இருக்கிறது எனக்கு.

கொயெலியு தொடங்கிய நாளிதழ் என்ன ஆயிற்று என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். அதன் செய்தியாளர் அந்தோனியு பெர்ரு 1932இல் சலசாரைப் பேட்டி கண்டு புகழ் பெற்றார். மறு ஆண்டு ஆட்சியின் பிரச்சாரத் துறைக்கே தலைவரானார். யாருக்கும் சார்பில்லாமல் பிறந்த நாளிதழ் ஆட்சியின் குரல்போல ஆகிவிட்டது. அந்த ஆட்சியைக் கவிழ்த்த 1974 புரட்சிக்குப் பின் அது அரசுடைமையாயிற்று. 1975இல் ஜோசே சரமாகு துணை இயக்குநராக இருந்த மாதங்களில், ஆசிரியர் குழுவின் போக்கை எதிர்த்த 24 பத்திரிகையாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நாம் விரும்பிப் படிக்கும் பெரிய எழுத்தாளர் என்பதற்காக இதைப் பாடத்திலிருந்து விலக்கிவிடக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. பத்திரிகைச் சுதந்திரம் பாடத்தில் இரண்டு வகுப்பு நேரம் போர்த்துகலுக்கு ஒதுக்குங்கள். தேர்வுக்கு வழக்கமாக வரும் 'கட்சி சார்ந்த இதழ்களின் தீமைகள் யாவை?' என்ற கேள்வியை மாற்றி, 1642 ஆணை, 1850 எதிர்ப்பறிக்கை, 1933 ஆணை, நாவலின் அந்த மாலை இதழ்க் காட்சி ஆகிய நான்கையும் கொடுத்து, இவர்களில் யார் பத்திரிகையைத் திருத்த விரும்புகிறார், யார் அடக்க விரும்புகிறார், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். தீமைகளைப் பட்டியல் போட்டு மதிப்பெண் வாங்கிய பிள்ளை நாளை அதிகாரத்தில் உட்கார்ந்தால், அந்தப் பட்டியலையே ஆணையாகத் தட்டச்சு செய்துவிடும். அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

வேண்டிய பகுதிகளைத் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். பாடநூலுக்கென்றால் எந்தத் தொகையும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். எந்த ஆசிரியர் கேட்டாலும் கொடுக்கிறேன்.

1974 ஏப்ரல் 25ஆம் தேதி, ராணுவ வண்டிகள் லிஸ்பன் தெருக்களில் நின்றுகொண்டிருந்தபோதே 'ரெபுப்லிக்கா' என்ற மாலை நாளிதழ் வெளிவந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், இந்த இதழை எந்தத் தணிக்கைக் குழுவும் பார்வையிடவில்லை என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ஓராண்டு கழித்து, 1975 மே மாதம், அதே இதழின் அச்சுத் தொழிலாளர்கள் அது ஒரு கட்சியின் இதழாக இருக்கிறது என்று சொல்லி அலுவலகத்தைக் கைப்பற்றி ஆசிரியரை ஓரங்கட்டினார்கள். வரும் திங்கட்கிழமை அந்த நகலையும் இந்தக் கதையையும் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். அந்த மாணவி இப்போது இறுதியாண்டு. இந்த முறை முதலில் அவளைப் பேசச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பகுதிநேர இதழியல் ஆசிரியர்